நாற்பத்தைந்தில் விடைபெறும் ஜெனரல்கள்: சிங்கப்பூர் ராணுவ அதிகாரியின் பாதை எப்படிப் போகிறது?

2025 மார்ச் மாதம் சிங்கப்பூர்த் தரைப்படைத் தலைவர் பொறுப்பை மேஜர்-ஜெனரல் டேவிட் நியோ, காய் டெக்சியனிடம் ஒப்படைத்தார். மே 3ஆம் தேதி பொதுத்தேர்தல். அதே டேவிட் நியோ ஆளும் கட்சியின் வெள்ளைச் சட்டை அணிந்து, வேட்பாளர்கள் அணியாகப் போட்டியிடும் தெம்பனிஸ் குழுத்தொகுதியில் நின்று வென்றார். மே மாதம் முடிவதற்குள் கலாசார, சமூக, இளையர்துறையின் தற்காலிக அமைச்சராகவும் ஆகிவிட்டார். தற்காப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற சான் சுன் சிங்கும் ஒரு காலத்தில் தரைப்படைத் தலைவராக இருந்தவர்தான்.

இந்தச் செய்திகளைப் படித்த பலருக்கும் எழுந்த கேள்விகள் இவை. ஐம்பது வயதுகூட ஆகாதவர் எப்படி ராணுவத் தலைவர் ஆனார்? ஆனவர் ஏன் மூன்றே ஆண்டில் விலகினார்? ஏதாவது பிரச்சினையா? குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்களுக்குக் குழப்பம் அதிகம். அவர்கள் அறிந்த ஜெனரல்கள் தலை நரைத்தவர்கள். செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி 1986இல் இந்திய ராணுவத் தளபதி ஆனபோது அவருக்கு வயது 57. சிங்கப்பூரில் அந்த வயதில் சீருடையோடு இருக்கும் ஜெனரலைப் பார்ப்பது அரிது. முன்னாள் ஜெனரல்கள் அதற்குள் வேறொரு வேலையில் பத்தாண்டைக் கடந்திருப்பார்கள்.

இது தற்செயலாக நடப்பதில்லை. அப்படித்தான் நடக்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டிய ஏற்பாடு இது. அதன் கணக்கை அடியிலிருந்து பார்ப்போம்.

பட்டம் வேறு, பொறுப்பு வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தோளில் இருப்பது பட்டம். கையில் இருப்பது பொறுப்பு.

பட்டங்களின் வரிசை இது: செகண்ட் லெஃப்டினன்ட், லெஃப்டினன்ட், கேப்டன், மேஜர், லெஃப்டினன்ட்-கர்னல், சீனியர் லெஃப்டினன்ட்-கர்னல், கர்னல். அதற்கு மேல் பிரிகேடியர்-ஜெனரல், மேஜர்-ஜெனரல், லெஃப்டினன்ட்-ஜெனரல். கேப்டன் வரை தோளில் பட்டைகள், மேஜரிலிருந்து நாட்டின் சின்னம், ஜெனரல்களுக்கு நட்சத்திரம். ஒன்று, இரண்டு, மூன்று நட்சத்திரம் என்று செய்திகளில் வருவது இதைத்தான்.

பொறுப்புகள் வேறு வரிசை. ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட பிளட்டூனை இளம் லெஃப்டினன்ட் நடத்துகிறார். நூறு பேருக்கு மேற்பட்ட கம்பெனியை ஒரு கேப்டன் நடத்துகிறார். சில நூறு வீரர்கள் உள்ள பட்டாலியனுக்கு லெஃப்டினன்ட்-கர்னல், பட்டாலியன்கள் சேர்ந்த பிரிகேடுக்குக் கர்னல், ஆயிரக்கணக்கானோர் உள்ள டிவிஷனுக்குப் பெரும்பாலும் பிரிகேடியர்-ஜெனரல்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தனை ஆண்டு வேலை பார்த்ததற்காக ஒருவருக்கு நட்சத்திரம் கிடைப்பதில்லை. நட்சத்திரம் உள்ள நாற்காலிகள் மிகக் குறைவு; ஒரு நாற்காலி காலியானால்தான் அடுத்தவர் அதில் அமர முடியும். மேலே இருப்பவர் பத்தாண்டு உட்கார்ந்திருந்தால் கீழே ஒரு தலைமுறையே தேங்கிப் போகும். பிற்பாடு பார்க்கப்போகும் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்துதான் கிளைக்கிறது.

எல்லோருக்கும் ஒரே வாசல்

பல நாடுகளில் அதிகாரி ஆக விரும்புபவர் நேரே அதிகாரிப் பள்ளியில் சேர்கிறார். சிங்கப்பூரில் அப்படி இல்லை. இளைஞர்களுக்கு ராணுவச் சேவையைக் கட்டாயமாக்கிய தேசிய சேவைச் சட்டத் திருத்தம் 1967 மார்ச்சில் நிறைவேறிய பிறகு, வருங்காலத் தரைப்படைத் தலைவரானாலும் சரி, உணவங்காடிக் கடைக்காரரின் மகனானாலும் சரி, பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்: தெக்கோங் தீவு.

மகனைச் சேர்க்கும் நாளன்று பெற்றோரும் படகில் கூடவே போகிறார்கள். முகாமைச் சுற்றிக் காட்டுவார்கள். மகன் வரிசையில் நின்று உறுதிமொழி எடுப்பதைப் பார்ப்பார்கள். அப்புறம் வீரர்களின் சாப்பாட்டுக்கூடத்தில் மகனோடு ஒரு வேளை சாப்பாடு. அதற்குப் பிறகு படகு அவர்களை மட்டும் திருப்பி அழைத்து வரும். தேசிய சேவை என்பதன் அர்த்தம் பல அம்மாக்களுக்கு உறைப்பது அந்தப் படகில்தான்.

அடிப்படைப் பயிற்சி பொதுவாக 9 வாரம். அதில் தேறி நிற்பவர்களிலிருந்து சிலரை அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது ஜூரோங்கில் உள்ள சாஃப்டி ராணுவக் கழகத்தில் இருக்கிறது. 38 வாரப் பயிற்சி. முடிவில் அணிவகுப்புத் திடலில் மலாய் மொழியில் கட்டளைகள் ஒலிக்க, 'செடியா' என்றதும் நூற்றுக்கணக்கான பூட்ஸ் ஒரே சத்தமாக இறங்கும். சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் நிமிர்வது இந்த மலாய்ச் சொல்லுக்குத்தான். பிறகு பெற்றோர் வந்து மகனின் தோளில் அந்த முதல் பட்டையை மாட்டிவிடுவார்கள். பெரும்பாலோருக்கு அப்போது இருபது வயது இருந்தாலே அதிகம்.

சாஃப்டியின் முதல் அணி 1967 ஜூலை 16ஆம் தேதி பட்டம் பெற்றது, 117 பேர். சுதந்திரம் கிடைத்தபோது இரண்டே காலாட்படைப் பட்டாலியன்கள் வைத்திருந்த நாட்டுக்கு அது சாதாரண எண்ணிக்கை இல்லை. அந்தப் பள்ளியின் முதல் இயக்குநர் இந்திய வம்சாவளியினரான கிர்பா ராம் விஜ். 1970 முதல் 1974 வரை ஆயுதப்படையின் ராணுவத் தலைமைப் பொறுப்பிலும் அவர்தான் இருந்தார். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாமல் போவது வருத்தமாக இருக்கிறது.

சரி, பட்டம் பெற்ற இளம் அதிகாரிகளில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டு முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ போய்விடுகிறார்கள். சிலர் மட்டும் ராணுவத்தையே தொழிலாக ஏற்று ஒப்பந்தம் போடுகிறார்கள். பேச்சு வழக்கில் 'சைன் ஆன்' செய்வது. இவர்கள் ரெகுலர் அதிகாரிகள். நாம் பேசப்போகும் பாதை இவர்களுடையது.

உதவித்தொகையும் ஹெலிகாப்டர் பார்வையும்

1971இல் ஆயுதப்படை தன் வெளிநாட்டு உதவித்தொகையைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் நன்றாகப் படித்த பிள்ளைகள் ராணுவம் பக்கம் வரவே மாட்டார்கள். நல்ல இரும்பை ஆணியாக அடிப்பதில்லை, நல்ல ஆளைப் படைவீரனாக்குவதில்லை என்பது சீனர்களின் பழமொழி. நம் வீடுகளிலும் டாக்டர், வக்கீல் என்றுதான் கனவு இருந்தது. அந்த மனநிலையை உடைக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. உலகின் சிறந்த பல்கலைக்கழகத்தில் படிக்க வைக்கிறோம், திரும்பி வந்து சில ஆண்டு சீருடையில் சேவை செய் என்பது ஒப்பந்தம்.

தொடக்கக் காலத்தில் அதைப் பெற்றவர்களில் ஒருவர் லீ சியன் லூங். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். 1983இல் பிரிகேடியர்-ஜெனரல் ஆனபோது அவருக்கு வயது 31. அடுத்த ஆண்டே படையை விட்டு அரசியலுக்கு வந்தார்.

உதவித்தொகை கிடைத்துவிட்டால் ஜெனரல் பட்டம் தானாக வந்துவிடுமா? வராது. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஓர் ஏற்பாடு வருகிறது. ஷெல் எண்ணெய் நிறுவனம் தன் அதிகாரிகளை மதிப்பிடப் பயன்படுத்திய முறையை 1983இல் சிங்கப்பூர்ப் பொதுச் சேவை எடுத்துக்கொண்டது. அதே வகை மதிப்பீடு ஆயுதப்படையிலும் நுழைந்தது. இந்த ஆண்டு ஒருவர் எப்படி வேலை செய்தார் என்பதோடு இந்த முறை நிற்பதில்லை. இவர் கடைசியில் எந்த உயரம் வரை போகக்கூடியவர் என்று இப்போதே ஓர் ஊகம் குறித்து வைக்கிறது. அதில் பார்க்கும் குணங்களில் ஒன்றுக்கு ஹெலிகாப்டர் தன்மை என்றே பெயர். மேலேயிருந்து முழுக் காட்டையும் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் கீழே இறங்கி ஒரு மரத்தின் பட்டையையும் பார்க்க வேண்டும்.

ஊகத்தில் உயரமாகக் குறிக்கப்பட்டவருக்குச் சவாலான பொறுப்புகள் வேகமாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அதில் தேறினால் அடுத்தது. இந்த முறையின் பலம் வேகம். பலவீனமும் அதுவேதான் என்பது என் கருத்து. 25 வயதில் ஒருவரைப் பற்றி எழுதிய ஊகம், அவருக்குக் கிடைக்கும் வாய்ப்புகளையே தீர்மானித்து, பிறகு தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தாமதமாக மலர்பவர்களுக்கு இதில் இடம் குறுகல்.

ஒரே ஒருவரின் ஏணி

பொதுப்படச் சொன்னால் புரியாது. சான் சுன் சிங்கின் பாதையையே எடுத்துக்கொள்வோம். 1969இல் பிறந்தவர். தாய் தனியாக வளர்த்த பிள்ளை. 1988இல் உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படித்தார். திரும்பி வந்து காலாட்படை. அமெரிக்க ராணுவத்தின் தலைமைப் பணிக் கல்லூரியில் பயிற்சி. முப்பதை ஒட்டிய வயதில் 2ஆம் காலாட்படைப் பட்டாலியனின் கமாண்டர். அடுத்து ஜகார்த்தாவில் தூதரகத்தில் ராணுவப் பிரதிநிதி. பிறகு ஒரு பிரிகேட். அப்புறம் கூட்டுத் திட்டப் பிரிவு. அடுத்து 9ஆவது டிவிஷன். கூட்டுப் பணியகத் தலைவர். 2010 மார்ச்சில் தரைப்படைத் தலைவர். அப்போது வயது 40.

இந்த வரிசையில் ஒரு தாளம் இருப்பதைப் பாருங்கள். ஒரு முறை வீரர்களோடு களம். அடுத்த முறை அமைச்சில் மேசை. மறுபடி களம், மறுபடி மேசை. பட்டாலியனை நடத்தும்போது வீரர்களின் முகம் தெரியும். மேசையில் உட்காரும்போது பட்ஜெட், ஆயுதக் கொள்முதல், அண்டை நாட்டு உறவு எல்லாம் தெரியும். இரண்டும் இல்லாமல் மேலே போக முடியாது. இடையில் மேஜர் நிலையில் ஏறக்குறைய ஓராண்டு, கோ கெங் சுவீ தலைமைப் பணிக் கல்லூரியிலோ வெளிநாட்டிலுள்ள அதைப் போன்ற ஒன்றிலோ படிப்பு. பட்டாலியன் கைக்கு வர அது பெரும்பாலும் வாசற்படி.

2011 மார்ச்சில், பொறுப்பேற்ற ஓராண்டில், அவர் விலகினார். மே மாதப் பொதுத்தேர்தலுக்குத் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் போட்டியின்றித் தேர்வானார். அவருக்கு அடுத்துத் தரைப்படைத் தலைவர் ஆனவர் ரவீந்தர் சிங். சமிக்ஞைப் படைப்பிரிவிலிருந்து வந்த சீக்கியர். 2014 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்?

முதலில் ஒரு பழைய கணக்கு. வின்ஸ்டன் சூ 1974இல் தன் 33ஆவது வயதில் ஆயுதப்படையின் தலைமைக்கு வந்து 1992 வரை இருந்தார். பதினெட்டு ஆண்டு. நாட்டின் முதல் மூன்று நட்சத்திர ஜெனரலும் அவர்தான். அவருக்குப் பிறகு 1992 முதல் 2023 வரை, 31 ஆண்டில் 9 பேர் எல்லாப் படைகளுக்கும் மேலே இருக்கும் தற்காப்புப் படைத் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள். சராசரியாக ஆளுக்கு மூன்றரை ஆண்டுகூட இல்லை. தரைப்படையில் 2007 முதல் 2025 வரை 7 தலைவர்கள்.

இந்த மாற்றத்துக்குக் காரணங்கள்:

1. முன்பு சொன்ன நாற்காலிக் கணக்கு. தொடக்கத்தில் ஆள் இல்லை. அதனால் ஒருவரே நீண்ட காலம் இருந்தார். எழுபதுகளில் உதவித்தொகை பெற்றவர்கள் தொண்ணூறுகளில் மேலே வந்து சேர்ந்துவிட்டார்கள். வழிவிடாவிட்டால் நல்லவர்கள் வெளியேறிவிடுவார்கள்.

2. படையின் அமைப்பு. சிங்கப்பூர்ப் படையின் பெரும்பகுதி தேசிய சேவையாளர்கள். நெட்டோட்டம், காட்டுப் பயிற்சி, ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் ஷோல்வாட்டர் பேயில் நடக்கும் வாலபி பயிற்சி என்று எல்லாவற்றிலும் 19 வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடக்கூடிய கமாண்டர்கள் தேவை. இளமை இங்கே அலங்காரம் இல்லை, வேலைக்கான தகுதி.

3. ஓய்வூதிய முறை. 1998இல் அதிகாரிகளுக்கு 'சேவர்' திட்டம் வந்தது. கடைசி வரை இருந்தால்தான் ஓய்வூதியம் என்ற பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாக, பணியாற்றும் ஆண்டுகளிலேயே பணம் ஒதுக்கப்பட்டுச் சேர்கிறது. நாற்பதுகளில் வெளியே போகிறவர் இரண்டாம் வேலையைத் தொடங்கக் கையில் முதல் இருக்கும். அதிகாரி வேலையே பொதுவாக 50 வயதோடு முடிந்துவிடுவதால், இரண்டாம் வேலை எல்லோருக்கும் வரப்போகும் கட்டம்தான்.

4. அரசாங்கத்தின் தேவை. இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. சிறிய நாடு; நிர்வாகத் திறமை உள்ளவர்களைத் தேடி அமைச்சுகளும் அரசுசார் நிறுவனங்களும் ஆளும் கட்சியும் ஒரே குளத்தில்தான் தூண்டில் போடுகின்றன. அதிகாரிகள் சிலரைச் சீருடையில் இருக்கும்போதே நிர்வாகச் சேவைப் பணிகளிலும் அமர்த்திப் பழக்கும் ஏற்பாடு பல காலமாகவே உண்டு.

ஆகவே ஒரு ஜெனரல் 45 வயதில் விலகினார் என்ற செய்தியைப் பார்த்ததும் 'என்ன தப்பு நடந்தது' என்று கேட்பது வீண். அவர் காலம் முடிந்தது, அவ்வளவுதான்.

யார் நியமிக்கிறார்கள்?

தற்காப்புப் படைத் தலைவரையும் தரைப்படை, கடற்படை, ஆகாயப்படைத் தலைவர்களையும் அதிபர் நியமிக்கிறார். அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அரசாங்கம் பரிந்துரைக்கும் ஒருவரை ஏற்க மறுக்கும் உரிமையும் அதிபருக்கு உண்டு. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிபர் பதவி வெறும் சடங்குப் பதவி என்று நினைப்பவர்கள் இந்தப் பிரிவைப் படிக்க வேண்டும். துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு யார் தலைவர் என்பதில் அமைச்சரவை மட்டும் முடிவெடுத்துவிட முடியாதபடி ஒரு பூட்டு அது.

இன்னொரு பூட்டும் உண்டு. பணியில் இருக்கும் ரெகுலர் அதிகாரி தேர்தலில் நிற்க முடியாது. விலகிய பிறகுதான். ஆனால் விலகலுக்கும் வேட்பாளர் அறிவிப்புக்கும் நடுவே எத்தனை மாதம் இடைவெளி வேண்டும் என்பது நியாயமான கேள்வி. 2011இலும் 2025இலும் அந்த இடைவெளி சில வாரங்கள்தான். 2015இலும் தற்காப்புப் படைத் தலைவர் இங் சீ மெங் ஆகஸ்ட்டில் விலகி, செப்டம்பரில் நாடாளுமன்ற உறுப்பினரானார். அரசியல் சார்பில்லாத படை என்பது நடைமுறையில் மட்டும் இருந்தால் போதாது, மக்கள் கண்ணுக்கும் தெரிய வேண்டும். ஓராண்டு இடைவெளி வைத்தால் யாருக்கும் நட்டமில்லை என்றே தோன்றுகிறது.

வெளியே வந்த பிறகு

நட்சத்திரம் வெற்றிக்கு உத்தரவாதம் தருவதில்லை. அந்த இங் சீ மெங்கே 2020இல் செங்காங்கில் தோற்றார். 2025இல் ஜாலான் காயுவில் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்று திரும்பினார்.

நிறுவனங்களில் கதை இன்னும் சிக்கலானது. முன்னாள் தற்காப்புப் படைத் தலைவர்களான டெஸ்மண்ட் குவெக், நியோ கியன் ஹோங் இருவரும் அடுத்தடுத்து, 2012 முதல் 2022 வரை, ரயில் நிறுவனமான எஸ்எம்ஆர்டியை நடத்தினார்கள். 2015 ஜூலை 7ஆம் தேதி மாலை வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு தடங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றபோது மேடைகளில் மாட்டிக்கொண்ட பயணிகள் கேட்டார்கள்: ரயிலை நடத்த ஜெனரல் எதற்கு? பழைய கம்பிவடமும் பல ஆண்டுப் பராமரிப்புச் சுமையும் அவர்களுக்கு முன்பே இருந்தவை என்பது உண்மை. ஆனால் கேள்வியும் உண்மை. படையில் உத்தரவு கீழே போகும் வேகத்தில், தொழில்நுட்ப நிறுவனத்தில் கெட்ட செய்தி மேலே வருவதில்லை. இரண்டாம் வேலைக்குப் போகும் ஜெனரலின் பழைய சீருடையைப் பார்ப்பதை விட, அந்தத் துறையை அவர் எவ்வளவு காலம் கீழேயிருந்து கற்றார் என்று பார்ப்பதே சரி.

போரே பார்க்காத ஜெனரல்கள் என்ற விமர்சனமும் அடிக்கடி வருகிறது. சிங்கப்பூர் போரில் இறங்காததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அது அதிகாரிகளின் குறை இல்லை. அனுபவமே இல்லை என்பதும் சரியில்லை. 2002-03இல் கிழக்குத் திமோரில் ஐநா அமைதிப் படையை மேஜர்-ஜெனரல் டான் ஹக் கிம் நடத்தினார். 2004 சுனாமிக்குப் பிறகு அச்சேயின் மெலாபோவில், சாலைகள் அடித்துச் செல்லப்பட்டுக் கடல்வழியாகவோ வான்வழியாகவோ மட்டும் அணுக முடிந்த ஊரில், நிவாரணப் படையை நடத்தியவர் அப்போது கர்னலாக இருந்த டான் சுவான்-ஜின். பிணங்களுக்கும் பசிக்கும் நடுவே வேற்று நாட்டு ராணுவத்தோடு பேசி ஹெலிகாப்டர் இறங்க இடம் வாங்குவதும் கமாண்டரின் வேலைதான்.

நம் வீட்டுப் பிள்ளை 'சைன் ஆன்' செய்ய நினைத்தால்

சிறுபான்மையினருக்கு மேலே இடம் உண்டா என்று தமிழ்க் குடும்பங்களில் கேட்பது வழக்கம். கிர்பா ராம் விஜும் ரவீந்தர் சிங்கும் ஒரு பதில். முதல் மலாய்க்கார பிரிகேடியர்-ஜெனரலாக இஷாக் இஸ்மாயில் வந்தது 2009இல்தான். சுதந்திரம் கிடைத்து 44 ஆண்டு கழித்து. அதுவும் ஒரு பதில். கதவு திறந்திருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பிள்ளை விரும்பினால் பெற்றோர் கேட்க வேண்டியது ஜெனரல் ஆவானா என்பதை அல்ல. மிகப் பெரும்பாலான ரெகுலர் அதிகாரிகள் மேஜராகவோ லெஃப்டினன்ட்-கர்னலாகவோ விடைபெறுகிறார்கள். அவர்களுக்கும் 50 வயதுக்குள் இரண்டாம் வேலை தேட வேண்டியிருக்கிறது. அவர்களைத் தேடி எந்த நிறுவனத்தின் தலைமைப் பதவியும் வருவதில்லை. நாற்பது வயதில் வெளியே என்ன தெரிந்தவனாக நிற்பான் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பொறியியல், தளவாடம், இணையப் பாதுகாப்பு போன்ற பிரிவுகளில் இருப்பவர்களுக்குப் பதில் எளிது. 2022 அக்டோபரில் நான்காவது படையாக மின்னிலக்க, உளவுத்துறைச் சேவை தொடங்கிய பிறகு அந்த வழி இன்னும் அகலமாகியிருக்கிறது. காலாட்படை அதிகாரி அதைத் தானே தேடித் தயார் செய்துகொள்ள வேண்டும்.

பெயருக்குப் பின்னால் அந்த அடைப்புக்குறி

செய்தியில் முன்னாள் ஜெனரல்களின் பட்டத்துக்குப் பின்னால் சில நேரம் (என்எஸ்) என்றும் சில நேரம் (ஓய்வு) என்றும் போடுகிறார்களே, என்ன வேறுபாடு? தேசிய சேவைக் கடமை சாதாரண வீரருக்கு 40 வயது வரை. அதிகாரிக்கு 50 வரை. ரெகுலர் வேலையை விட்டு வந்தாலும் அந்தக் கடமை விடுவதில்லை. 45 வயதில் படையை விட்ட மேஜர்-ஜெனரல், அமைச்சரே ஆனாலும், இன்னும் ஐந்து ஆண்டுக்கு ஒரு தேசிய சேவையாளர். ஐம்பதைத் தாண்டிய பிறகே அந்த அடைப்புக்குறி மாறுகிறது.